கண் தெளிந்த பிறகு போன கடை: கிளிநொச்சியில் ஒரு வீட்டுப் பார்லர்

போன வருடம் பங்குனியில் வலது கண்ணுக்கும் ஆடியில் இடது கண்ணுக்கும் கற்றரக்ட் ஆபரேசன் நடந்தது. இரண்டாவது கண்ணும் முடிந்த அடுத்த கிழமை, விடியப் பல் தீட்டப் போய்க் கிணற்றடியில் கொழுவியிருக்கும் கண்ணாடியைப் பார்த்தபோதுதான், என் முகத்தை நான் நாலைந்து வருடமாகச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது விளங்கியது. நாடியில் ஆறேழு தடித்த முடி. புருவத்தில் ஒரு பக்கம் நீண்டு கண்ணுக்குள் வளைந்து கிடந்தது. குனிந்து காலைப் பார்த்தால் குதிக்காலில் பித்தவெடிப்பு, பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து ஒரு பக்கம் சதைக்குள் இறங்கப் பார்த்தது. கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மஞ்சள் துணி போட்டதுபோல இருக்கும், வில்லையை மாற்றியதும் நீலம் நீலமாகவே தெரியும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வானமும் சேலைக்கரையும் அப்படித்தான் தெரிந்தன. அதோடு சேர்ந்து நானும் தெரிந்தேன்.

எனக்கு வயது 64. வட்டக்கச்சியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மகள் வவுனியாவில் குடும்பமாக இருக்கிறாள். சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன, அஸ்பிரின் குளிசை தினமும் எடுக்கிறேன். இதையெல்லாம் பார்லரைப் பற்றி எழுதுகிற இடத்தில் ஏன் சொல்கிறேன் என்றால், அறுபதைத் தாண்டிய ஒருவர் பார்லருக்குப் போவது இருபது வயதுப் பிள்ளை போவதுபோல அல்ல. தோல் வேறு, கால் வேறு, கழுத்து வேறு, உள்ளே ஓடுகிற இரத்தமே குளிசையால் வேறாக இருக்கிறது. கிளிநொச்சிப் பார்லர்களைப் பற்றி நான் தேடிப் பார்த்தவரை, கலியாணப் பொம்பிளைக்கு என்ன அலங்காரம், சாமத்தியவீட்டுக்கு எந்த மேக்கப், படம் எடுத்தால் எப்படி விழும் என்பதுதான் கிடந்தது. எங்கள் வயதுக்காரர் நம்பிப் போகலாமா என்று ஒரு வரி கிடைக்கவில்லை. ஒரு வருடமாக ஏழு தடவை போய்வந்த பிறகு எழுதுகிறேன்.

கடை கனகபுரம் பக்கம், பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒழுங்கையில், வீட்டின் முன் விறாந்தையை மறித்துக் கட்டிய ஒற்றை அறை. பெயரைப் போடவில்லை. எழுதட்டுமா என்று கடை நடத்துகிற பிள்ளையிடம் கேட்டேன், "எழுதுங்கோ ரீச்சர், ஆனால் பேரைப் போட வேண்டாம், கூட்டம் வந்தால் என்னால் தனியப் பார்க்க ஏலாது" என்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் பிள்ளைக்கு. என்விகியூ என்கிற தேசியத் தொழிற்தகைமை நாலாம் நிலைச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். உதவிக்கு அவளுடைய சித்தி ஒருவர் துவாய் தோய்த்துப் போட, தேத்தண்ணி போட வந்து நிற்பார். ஒரு கதிரை, தலை கழுவுகிற ஒரு தொட்டி, திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கட்டில், மூலையில் கால் வைக்கிற பேசின். ஏசி இல்லை. இரண்டு மின்விசிறி, வேம்பு நிழல்.

முதல் நாள் நான் போய் இருந்ததும் அவள் என் தலையைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். என்ன குளிசை எடுக்கிறீங்கள், சீனி எவ்வளவில் நிற்கிறது, காலில் விறைப்பு இருக்கிறதா, எங்கேயாவது ஆறாத புண் இருக்கிறதா, கண் ஆபரேசன் எப்போது நடந்தது, முந்தி எந்த டையாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா. இடது கண் செய்து அன்றைக்கு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது, டொக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்று சொன்ன பிறகுதான் தலை கழுவச் சம்மதித்தாள். கிளினிக்கில்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் என்னை விசாரித்த ஞாபகம் இல்லை. அங்கே வரிசை நீளம், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

காலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணமே கால்தான். வயது போகப் போகக் கால் நகம் தடிக்கும், மெதுவாக வளரும், மாதம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில்தான். ஆனால் அந்தச் சிறிய வளர்ச்சியையும் வெட்டக் குனிய முடியாமல் போய்விடும். முழங்கால் மடங்காது, வயிறு இடிக்கும், கண் தெரியாது. நான் இரண்டு வருடமாகக் குத்துமதிப்பில் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், மூலையை உள்வளைத்து வெட்டியதால்தான் நகம் சதைக்குள் இறங்கியது என்று அவள் காட்டித்தான் தெரிந்தது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. சீனி உள்ளவர்களுக்கு இது அழகுக் காரியமே அல்ல. காலில் உணர்வு குறைந்திருக்கும், சின்னக் காயம் பட்டால் தெரியாது, தெரிய வரும்போது பழுத்திருக்கும், விரல் எடுக்க வேண்டி வந்த இரண்டு பேரை எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும்.

அவள் பேசினில் தண்ணீர் விட்டதும் தன் முழங்கையை உள்ளே வைத்துப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட முதல் தாய்மார் பார்ப்பார்களே, அப்படி. "உங்களுக்குச் சூடு தெரியாமல் இருக்கலாம் ரீச்சர், அதுதான் நான் பார்க்கிறன்" என்றாள். மற்றவர்களுக்குக் கால் மணித்தியாலம் ஊறப் போடுவதை எனக்கு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டாள், நிறைய ஊறினால் தோல் வெந்து கிழியும் என்பதால். பித்தவெடிப்பைப் பிளேட்டால் சீவவில்லை. எத்தனையோ கடைகளில் அப்படிச் சீவுவார்கள், சீனி உள்ள காலில் அதைச் செய்யவே விடக்கூடாது. அராவும் தட்டால் மெதுவாகத் தேய்த்தாள், அதுவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காமல் மூன்று தடவையாக எடுக்கலாம் என்று நிறுத்தினாள். விரலிடுக்கெல்லாம் துவாயால் ஒற்றி ஈரம் எடுத்தாள், கிரீமைக் குதிக்காலிலும் பாதத்திலும் பூசினாள், விரலிடுக்கில் பூசவில்லை, அங்கே ஈரம் நின்றால் பங்கசு பிடிக்கும். வீட்டில் பூசுவதற்கு யூரியா கலந்த கிரீம் ஒன்றின் பெயரை எழுதித் தந்து பாமசியில் வாங்கச் சொன்னாள். வயலுக்குப் போடும் யூரியாவின் அதே பெயர்தான், தோலில் அது தடித்த படையை இளக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூன்று மாதத்தில் என் குதிக்கால் வெடிப்பு மூடிவிட்டது. கோயில் வீதியில் வெறுங்காலோடு நடக்கும்போது மணல் உள்ளே ஏறி எரிவதில்லை. இந்த ஒன்றுக்காகவே 2,500 ரூபாவைக் கொடுப்பேன்.

காலில் புண் இருக்கிறவர்கள், விறைப்பு கூடியவர்கள் பார்லருக்கே போகக்கூடாது, கிளினிக்கில்தான் காட்ட வேண்டும். அவளும் அதைத்தான் சொல்கிறாள். என் முன்னால் ஒரு ஐயாவின் காலைப் பார்த்துவிட்டு, தொடாமலே, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ என்று திருப்பி அனுப்பினாள். காசு வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற கடையை நான் நம்புகிறேன்.

நாடி முடியைப் பற்றிப் பெண்கள் ஒருவரோடொருவர்கூடக் கதைப்பதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் நன்றாகக் குறைந்துவிடும், ஆண்தன்மைச் சுரப்பு அந்த அளவுக்குக் குறையாது, அதனால் நாடியிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வருவது எல்லாப் பெண்களுக்கும் நடக்கக்கூடியதுதான். நான் அதை எனக்கு மட்டும் வந்த அவமானமாக நினைத்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக் கதைக்கப் பழகியிருந்தேன், அப்படிப் பழகியிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. மகள் சொல்லித்தான் தெரியும். நூலால் எடுக்கும்போது எங்கள் தோல் தொய்ந்திருப்பதால் நூல் தோலையும் சேர்த்துப் பிடித்துவிடும், அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு அந்த இடம் நீலம் பாரிக்கும். அவள் என் இரண்டு கையையும் பிடித்து, எங்கே எங்கே தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக் காட்டி, ஒவ்வொரு முடியாக எடுத்தாள். வலித்தது, கண்ணீர் வந்தது, நாலு நிமிடத்தில் முடிந்தது. நாடிக்கு 200, புருவத்துக்கு 300. புருவத்தை வில்லாக வளைக்க வேண்டாம், நீண்டதை மட்டும் எடு என்றேன், அப்படியே செய்தாள். வயதான முகத்தில் மெல்லிய வில் புருவம் நன்றாக இருப்பதில்லை என்பது என் எண்ணம்.

தலை கழுவுகிற தொட்டியில் கழுத்தைப் பின்னால் மடித்து வைக்கிற கதை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. 1993இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப், பார்லரில் தலை கழுவியபோது பக்கவாதத்தின் அறிகுறிகள் வந்த ஐந்து பெண்களைப் பற்றி அந்த நாட்டு மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் இரத்தக்குழாய், கழுத்து மிஞ்சிப் பின்னால் வளையும்போது நசுங்குகிறது அல்லது உள்ளே கிழிகிறது. அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. ஆனாலும் கழுத்தெலும்பு தேய்ந்த, பிரஷர் உள்ள எங்களைப் போன்றவர்கள் அந்தத் தொட்டியில் தலையைச் சாய்க்கும்போது தலை சுற்றினால் உடனே நிமிர வேண்டும். இங்கே அவள் ஒரு துவாயைச் சுருட்டிக் கழுத்துக்குக் கீழே வைத்தாள், நான் தலை பாரமாக இருக்கிறது என்றதும் கதிரையைத் திருப்பி, முன்பக்கம் குனிந்தபடி சொம்பால் ஊற்றிக் கழுவினாள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அம்மா கழுவிவிட்ட மாதிரி.

வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், சில இடங்களில் சவரும்கூட. சோப்பும் ஷாம்பும் சரியாக நுரைக்காது, முடியில் ஒரு படை நின்று, காய்ந்ததும் தும்பு மாதிரி நிற்கும். அவள் மழைத் தண்ணீரை ஒரு தாங்கியில் பிடித்து வைத்துக் கடைசி ஊற்றலுக்கு அதைத்தான் பாவிக்கிறாள். வீட்டில் என்ன செய்ய என்று கேட்டேன், சீயாக்காயும் வெந்தயமும் அவித்துத் தேசிக்காய் விட்டு முழுகுகிற பழைய வழக்கத்தை விட வேண்டாம், தேசிக்காய்ப் புளி அந்தப் படையைக் கழற்றும் என்றாள். நான் விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது, மறுபடி தொடங்கிவிட்டேன். வெட்டுக்கு 800 ரூபா. இடுப்பு வரை இருந்து எலிவாலாகிப்போன முடியைத் தோளுக்குக் கீழே நாலு விரல் அளவில் நேராக வெட்டினாள். கொண்டை போடவும் காணும், தலை இடியும் குறைந்தது.

டை விசயத்தில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. ஏழு வருடத்துக்கு முன், மகளின் கலியாணத்துக்காக வேறொரு ஊரில் ஒரு கடையில் டை அடித்தேன். ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை, நானும் கேட்கத் தெரியாமல் இருந்தேன். அடுத்த நாள் விடிய நெற்றியும் காதும் வீங்கிக் கண் இமை திறக்க முடியாமல் போய், தலையிலிருந்து நீர் வடிந்தது. கலியாண வீட்டில் தாயாக நிற்க வேண்டிய நான் ஊசி போட்டுக்கொண்டு அறைக்குள் கிடந்தேன், தாலி கட்டுகிற நேரம் மட்டும் கொண்டுவந்து இருத்தினார்கள். போய்ச் சொன்னபோது, உங்கட தோலில்தான் பிழை என்றார்கள். மகளின் கலியாண அல்பத்தை நான் இன்றைக்கும் விரித்துப் பார்ப்பதில்லை.

கறுப்பு டைகளில் பெரும்பாலும் பிபிடி என்று சுருக்கிச் சொல்லும் பாரா ஃபினிலின் டயமீன் இருக்கும். ஒரு தடவை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அப்படித்தான், அடுத்த தடவை இன்னும் மோசமாக வரலாம். அமோனியா இல்லை என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது, அமோனியா இல்லாத டையிலும் பிபிடி இருக்கலாம். உடனே கறுப்பாகப் பிடிக்கும் கறுப்பு மருதோன்றி என்று விற்பதிலும் இருக்கும். காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி 48 மணித்தியாலம் விட்டுப் பார்ப்பதுதான் வழி. இந்தக் கடையில் அப்படிப் பார்க்காமல் யாருக்கும் டை அடிக்க மாட்டாள், நாளைக்குக் கலியாணம் என்று வந்து நின்றாலும் இல்லை. என் கதையைக் கேட்டதும் எனக்கு டையே கிடையாது என்று சொல்லிவிட்டாள். வேண்டுமென்றால் வெறும் மருதோன்றி போட்டு அதன்மேல் அவுரிப் பொடி போடலாம், மருதோன்றி மட்டும் என்றால் நரைத்த முடியில் செம்மஞ்சளாக நிற்கும், அவுரி சேர்ந்தால்தான் இருளும் என்றாள். நான் யோசித்தேன், கணக்கும் பார்த்தேன். முடி மாதம் ஒரு சென்றிமீற்றர் அளவில் வளரும், மூன்று கிழமையில் வகிட்டில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். ஒரு தடவைக்கு 3,500, மாதம் ஒருக்கால் அடித்தாலே வருடத்துக்கு 42,000. எனக்கு நரையோடு இருக்கச் சம்மதம். டை அடிக்கிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, என் சிநேகிதி ஒருத்தி அடிக்கிறாள், அவளுக்கு அது நல்ல வடிவு.

பேசியல் ஒரு தடவைதான் செய்தேன், சாதாரணப் பேசியல், 3,000. தங்கப் பேசியல் என்று இன்னொன்று இருக்கிறது, இரண்டு மடங்கு விலை. தங்கத்தூளால் சுருக்கம் போகும் என்பதை நான் நம்பவில்லை, அவளும் போகும் என்று சொல்லி விற்கவில்லை. ஆவி பிடிக்க வேண்டாம் என்று கண்ணுக்காக விட்டுவிட்டோம். சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு நாள் முகம் மினுங்கியது, அவ்வளவுதான். காசுக்குப் பலன் என்று பார்த்தால் முகத்தில் வெயில் படாமல் ஒரு தொப்பியோ குடையோ வாங்குவது நல்லது, இந்தக் கிளிநொச்சி வெயிலுக்கு.

ஆனால் அன்றைக்கு நடந்த ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருக்க, அவள் இரண்டு உள்ளங்கையையும் சூடாகத் தேய்த்து என் கன்னத்தில் வைத்தாள். நான் அழுதுவிட்டேன். வலி இல்லை, கவலையும் இல்லை. என் முகத்தை இன்னொருவர் கை இப்படித் தொட்டு எத்தனை வருடம் என்று அப்போதுதான் உறைத்தது. மகள் வரும்போது கட்டிப்பிடிப்பாள், பேரப்பிள்ளை வந்தால் கன்னத்தில் கொஞ்சுவான், அது வேறு. அவர் இருக்கும்போது தலையிடி என்றால் நெற்றியில் கை வைப்பார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுப் பஞ்சால் கண்ணோரத்தை ஒற்றிவிட்டுத் தொடர்ந்தாள். தனியாக இருக்கிற பெண்கள் வன்னியில் எத்தனை ஆயிரம். போரில் புருசனை இழந்தவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களில் எத்தனை பேருடைய முகத்தை யாராவது இப்படித் தொட்டிருப்பார்கள் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். அதற்காகவே பேசியலுக்கு இன்னொரு தடவை போனாலும் போவேன்.

கிரீம் விற்பதில்லை என்பது இந்தக் கடையில் எனக்குப் பிடித்த இன்னொன்று. என் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி வேறெங்கோ ஒரு கடையில், பெயரும் இல்லாத விவரமும் இல்லாத சின்ன டப்பாவில் இரவுக் கிரீம் என்று வாங்கிப் பூசினாள். இரண்டு கிழமையில் முகம் வெளுத்தது, எல்லோரும் கேட்டு வாங்கினார்கள். நிறுத்தியதும் சிவந்து, பரு எழும்பி, முந்தியதைவிடக் கறுத்துப் போனாள். தோல் டொக்டர் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது என்றார். ஸ்டீரொயிட் தோலை மெல்லிசாக்கும், வயதுக்கு ஏற்கனவே மெல்லிசான தோலில் பூசினால் என்ன மிஞ்சும்? இன்னும் சில வெளுக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கும். 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற உலக நாடுகளின் உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களைச் செய்யவும் ஏற்றுமதி இறக்குமதி செய்யவும் தடை போட்டிருக்கிறது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடுதான். பாதரசம் போய் அடிப்பது சிறுநீரகத்தை. வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தத்தால் ஏற்கனவே எத்தனை குடும்பம் கஷ்டப்படுகிறது, அதற்குள் நாங்களே காசு கொடுத்து வாங்கிப் பூசவேண்டாம். விவரம் எழுதாத டப்பாவைத் தொடாதீர்கள்.

சரி, காசு. கால், நாடி, புருவம், வெட்டு எல்லாம் சேர்த்து 3,800. பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோ போக வர 600. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 4,400, அதாவது பென்சனில் மாதம் 2,200. தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்ட நாட்களில் இந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நானும் தடுமாறியிருக்கிறேன். மச்சாள் நேரே கேட்டாள்: "இந்த வயதில் ஆருக்கு வடிவு காட்ட? அதுவும் அண்ணை இல்லாத நேரத்தில்?" அந்த வார்த்தை ஒரு கிழமை என்னைத் தின்றது. மறுமொழி எனக்கு அப்போது வரவில்லை. இப்போது எழுதுகிறேன். அவளுடைய புருசன், 68 வயது, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சலூனுக்குப் போய் மீசைக்கு டை அடிக்கிறார். ஆருக்குக் காட்ட என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்கவும் தேவையில்லை, அது அவருடைய முகம்.

எங்கள் தலைமுறைக்குச் செலவழிப்பதே குற்றம் மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சோப்பு கிடைக்காமல் பனங்களியால் உடுப்புத் தோய்த்தோம், செவ்வரத்தம் இலையைக் கசக்கித் தலைக்கு வைத்தோம். ஒரு சோப்புக் கட்டி கிடைத்தால் நூலால் நாலாக அறுத்து மூன்றை ஒளித்து வைப்பேன். 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்று, பேனுக்குப் பயந்து, பக்கத்துக் கூடாரத்து அக்கா கத்தரிக்கோலால் என் முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டா. அவவுக்கு நான் வெட்டிவிட்டேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னொருவர் என் முடியில் கத்தரிக்கோல் வைத்தது மகளின் கலியாணத்தோடு ஒரு தடவை, பிறகு இந்தக் கடையில்தான். பதினைந்து வருடத்தில் ஆயிரம் காரியத்துக்குச் செலவழித்தேன், படிப்பு, கலியாணம், வீடு, கிணறு. அவருடைய திவசத்துக்கு ஒரு நாளில் செலவாகிற காசு என் ஒரு வருடத்துப் பார்லர்ச் செலவைவிடக் கூட. அதைச் செய்வேன், இதையும் செய்வேன்.

குறைகளும் உண்டு. வாசலில் மூன்று உயரப் படி, பிடிக்க ஒரு கம்பிகூட இல்லை, முதல் நாள் அந்தச் சித்தியின் தோளைப் பிடித்துத்தான் ஏறினேன். மலசலகூடம் வீட்டின் பின்னால், குந்தி இருக்கிற வகை, முழங்கால் வருத்தக்காரர் அங்கே போய் எழும்ப முடியாது. கொமட் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன், கடன் முடியட்டும் ரீச்சர் என்றாள். 2022இல் ஷாம்பு, வாசனைப் பொருள் உட்பட முன்னூறு அளவான பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபோது வாங்கிய சாமான்களுக்கான கடனாம், இன்னும் இழுபடுகிறது. சாமத்தியவீட்டு நாட்களில், முகூர்த்த மாதங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு நேரம் கிடைக்காது, சொன்ன நேரத்துக்குப் போனாலும் ஒன்றரை மணித்தியாலம் இருத்திவிடுவாள். ஒரு தடவை சாப்பாட்டு நேரம் தாண்டி எனக்குச் சீனி இறங்கி வேர்த்துவிட்டது. இப்போது பையில் பிஸ்கட்டோடுதான் போகிறேன், நீங்களும் கொண்டு போங்கோ. கரண்ட் நின்றால் மின்விசிறியும் நிற்கும், அந்தத் தகர விறாந்தை வைகாசி வெயிலில் வெந்துபோகும். கண்ணாடி முன்னால் வெளிச்சம் காணாது, அதைச் சொன்ன அடுத்த கிழமையே ஒரு நீள பல்ப் போட்டுவிட்டாள்.

துப்புரவில் குறை சொல்ல இல்லை. நகம் வெட்டும் சாமான்களைக் கழுவி ஸ்பிரிட்டில் போட்டு மூடிய பெட்டியில் வைக்கிறாள். அராவும் தட்டு ஆளுக்கு ஒன்று, தனித்தனிக் கடித உறைக்குள். என் உறையில் "வட்டக்கச்சி ரீச்சர், சீனி, அஸ்பிரின், டை கூடாது" என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறாள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். படிக்குக் கைபிடி போட்டால் ஐந்தாக்குவேன். போக விரும்பினால் புதன் அல்லது வியாழன் காலை ஒன்பதரைக்குப் போங்கோ, வெயில் ஏறாது, கலியாணக்காரரும் வரமாட்டார்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கோ, கேட்பாள்.

போன மாதம் மச்சாளும் வந்தாள். பஸ்ஸில் ஏறும்வரை தான் சும்மா துணைக்கு வருவதாகத்தான் சொன்னாள். என் கால் முடிந்ததும் அந்தப் பிள்ளை பேசின் தண்ணீரை மாற்றி, முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வாங்கோ அம்மா" என்றாள். மச்சாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுடைய குதிக்கால் என்னுடையதைவிட மோசம், நாற்பது வருடம் வயலில் நின்ற கால். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து இருந்தாள்.